குடியிருப்புப் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு: கருவி வாங்குவதா, ஆள் வைப்பதா?

எட்டுமாடி எழுதியது:

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன், குடியிருப்பதும் இங்கேதான். பெயர் வேண்டாம், நம் ஆட்களே படிப்பார்கள்.

எங்கள் பிளாக்கில் நாற்பது தாண்டிய பெண்களில் சுகர், பிரஷர், முட்டிவலி மூன்றில் ஒன்றாவது இல்லாதவரைப் பார்ப்பது கஷ்டம். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, அது பெரிய உதவி. ஆனால் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் "தினமும் அரைமணி நேரம் நடங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எங்கே நடப்பது? விடியற்காலை தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து அடையாறு, மயிலாப்பூர், வேளச்சேரி என்று வீட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் பேர் ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங். திரும்பி வரும்போது இருட்டிவிடும், பிளாக்குகளுக்கு நடுவே நாய்கள், ஓரத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள். அதில் போய் நட என்றால் யார் நடப்பார்கள்?

அதனால் சமுதாயக் கூடத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று தொடங்கினோம். ஒரு தொண்டு அமைப்பு மூலமாக ஒரு தம்பி வந்து பாட்டுப் போட்டு ஜும்பா சொல்லிக்கொடுத்தார். நல்ல பையன், பொறுமையாகச் சொல்லித் தருவார். ஆரம்பத்தில் கூடம் நிறைந்தது, இப்போது ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், அதிலும் பாதி கல்லூரிப் பெண்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் இல்லை. கேட்டால் "நேரமில்லைக்கா", "அவர் திட்டுறார்", "நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றேனே, அதுவே எக்சர்சைஸ்தானே" என்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தில் திறந்தவெளி ஜிம் கருவிகள் வைத்துத் தருகிறோம் என்கிறது. வாங்கிக்கொள்வதா, இல்லை அந்தப் பணத்தை வேறு மாதிரி கேட்பதா? சுகர், பிரஷர் உள்ளவர்களை எந்தப் பயிற்சி செய்ய வைக்கலாம், எது கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இதை அப்படியே கைவிட மனசு வரவில்லை.

---

பிசியோ_கடலூர் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். "வேலையே எக்சர்சைஸ்தானே" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது சாக்கு இல்லை, நியாயமான கேள்வி.

வேலையில் உடம்பு அசைகிறது, சரி. ஆனால் தரை துடைப்பதும் பாத்திரம் துலக்குவதும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் குனிந்தபடி நடக்கிற வேலை. இடுப்பும் தோளும் மணிக்கட்டும் தாங்கிக்கொண்டே இருக்கின்றன, ஓய்வு எப்போது என்பதை அவர்கள் முடிவு செய்ய முடியாது, அதே சமயம் இதயம் நன்றாக வேலை செய்யும் அளவுக்கு மூச்சு வாங்குவதும் இல்லை. டென்மார்க்கில் பெரிய அளவில் செய்த ஆய்வுகளில் ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காப்பாற்றுகிறது என்றும், பிழைப்புக்காகச் செய்யும் கடின உழைப்பு அந்தப் பலனைத் தரவில்லை, அதிகமானால் ஆபத்தையே கூட்டுகிறது என்றும் தெரிந்தது. அதனால் உங்கள் வகுப்பு அவர்களை இன்னொரு முறை களைப்பாக்குவதாக இருக்கக் கூடாது. வந்துவிட்டுப் போனால் இடுப்பு லேசானது என்று அவர்களுக்கே தெரிய வேண்டும். அது தெரிந்தால் கூப்பிடாமலே வருவார்கள்.

நான் சொல்லித்தருவது இவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, எட்டிலிருந்து பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. முட்டிவலிக்கு இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியாது, தொடைத் தசை வலுவானால்தான் முட்டிக்குப் பாரம் குறையும். ரொம்ப வலிக்கிறவர்கள் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கலாம். சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கிரில்லைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் உயரம் தூக்குவது. முடிவில் கையை இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்வது. நாள் முழுக்க முன்னால் குனிகிறவர்களுக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் ரொம்பப் பிடிக்கும். புடவையிலும் நைட்டியிலும் செய்யலாம், தரையில் உட்கார வேண்டியதே இல்லை.

இன்னொன்று, இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பிரசவம் ஆன பெண்களில் நிறைய பேருக்குக் குதிக்கும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசியும். ஜும்பாவில் குதிக்கச் சொன்னால் மறுநாள் வர மாட்டார்கள், காரணத்தை ஒரு தம்பியிடம் எப்படிச் சொல்வார்கள்? "அவர் திட்டுறார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குதிப்பதை எடுத்துவிடுங்கள். சிறுநீரை அடக்கும்போது இறுகுகிற இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை ஒரு பெண் சொல்லித்தரட்டும், அதில் நன்றாகவே குணம் தெரியும்.

பாதுகாப்புக்கு: பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம், படபடப்பு, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வரக் கூடாது, சுகர் சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் கூடத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் செய்யவே வேண்டாம், எம்.சி.ஆர். (சுகர்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர்) செருப்புப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், முடிந்ததும் உள்ளங்காலைப் பார்க்கப் பழக்குங்கள்.

அரைமணி நேரம் ஒரேயடியாக நடக்க வேண்டும் என்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது, கூடவே இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சி. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும். அதைச் சொன்னாலே அவர்களுக்குப் பாதி தெம்பு வந்துவிடும்.

---

புளியந்தோப்பு_விசில் எழுதியது:

அக்கா, கருவி வேண்டாம். நேரடியாகவே சொல்கிறேன்.

வடசென்னையில் எங்கள் பகுதியில் வருடக்கணக்காகப் பசங்களுக்கு ஃபுட்பால், கேரம் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அப்புறம் அம்மாக்களுக்கும் ஒரு குழு ஆரம்பித்தோம். திறந்தவெளி ஜிம்மை நிறைய இடத்தில் பார்த்துவிட்டேன். முதலில் சின்னப் பிள்ளைகள் ஊஞ்சலாக்குவார்கள், பிறகு பேரிங் போகும், எண்ணெய் விட ஆள் இருக்காது. அதுவரைக்கும் அதைப் பயன்படுத்துவது இளவட்டங்கள்தான். நான்கு ஆண்கள் நின்று பார்க்கிற இடத்தில் ஒரு நாற்பத்தைந்து வயது அம்மா புடவையோடு ஏறி நின்று கையைக் காலை ஆட்டுவாரா?

ஆளுக்குப் பணம் கேளுங்கள். உங்கள் பிளாக்கிலேயே நாலு பேரிடம் சகஜமாகப் பேசும் ஒரு பெண்ணையோ இரண்டு பெண்களையோ தேர்ந்தெடுத்து, மேலே பிசியோ சொன்னதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொடுத்து, மாதச் சம்பளம் கொடுங்கள். சம்பளம், சும்மா ஊக்கத்தொகை இல்லை. அவரும் வாடகை கட்ட வேண்டும், இலவசமாகச் செய்யச் சொன்னால் இன்னொரு வீட்டு வேலை கிடைத்த அன்றே வகுப்பு நின்றுவிடும், அதில் அவர் தப்பும் இல்லை. கம்பெனிக்காரர்கள் போட்டோவும் பெயர்ப்பலகையும்தான் பார்ப்பார்கள், ஆனால் இரண்டு வருடச் சம்பளம், நாற்காலிகள், ஒரு ஸ்பீக்கர், பிரஷர் பார்க்கும் மிஷின், பூட்டு போட்ட ஒரு பீரோ என்று எழுதிக் கொடுத்தால் கருவிச் செலவோடு ஒப்பிட்டுப் பேசலாம். பலகையைக் கூடத்து வாசலில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பெண்களைப் பயிற்சி செய்யும்போது படம் எடுக்க விடாதீர்கள். ஒரு படம் வாட்சாப்பில் சுற்றினால் போதும், மறுவாரம் கூடம் காலி.

நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நாங்கள் வீடு வீடாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, காலை வேலை மட்டும் செய்கிறவர்கள் மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் முன்பு ஒரு முக்கால் மணி நேரம் சும்மா இருக்கிறார்கள். அது அவர்கள் நேரம். முழுநாள் வேலைக்காரர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு பிளாக்கின் கீழேயே இருபது நிமிடம். ஒரே வகுப்பில் எல்லோரையும் அடைக்கப் பார்த்தால் யாருமே வர மாட்டார்கள். தண்ணீர் வரும் நேரத்தோடு மட்டும் மோதாதீர்கள், அதில் ஜெயிக்க முடியாது.

புருஷன் திட்டுவதற்கு நாங்கள் கண்ட வழி மாமியார்தான். முதலில் மாமியாரைக் கூப்பிடுங்கள், பிரஷர் பார்க்க என்று கூப்பிடுங்கள். அவர் முட்டிவலி கொஞ்சம் குறைந்ததென்றால் மருமகளை அவரே கூட்டிக்கொண்டு வருவார். மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவ ஊழியரும் உங்கள் ஊர்ப் பெண்ணாகத்தானே இருப்பார், எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது அவருக்குத்தான் தெரியும், அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாம் பத்து நோட்டீஸ் ஒட்டியதற்குச் சமம். கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையோடு வரட்டும், ஒரு பாயை விரித்துப் போட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பியை விடாதீர்கள். பசங்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அவர் வேண்டும். கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கி வந்ததைப் பார்த்தோம் இல்லையா? அதற்குப் பின்னால் சாயங்காலந்தோறும் பிள்ளைகளோடு மண்ணில் நின்ற பயிற்சி இருக்கிறது. அங்கேயும் ஆள்தான் முக்கியம்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

எல்லோரும் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நகரத்துக்குள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களைத் தூக்கி 20 கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தாயிற்று. முன்பு நடந்து வேலைக்குப் போனவர் இப்போது தினமும் மணிக்கணக்கில் பஸ்ஸில் நிற்கிறார். விளக்கு இல்லை, மைதானம் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு "நீங்கள் உடற்பயிற்சி செய்வதில்லை, அதனால்தான் சுகர்" என்ற மாதிரி ஒரு வகுப்பை நடத்தினால் பழி முழுக்க அந்தப் பெண் தலையில் விழுகிறது. அவர் உடம்பைச் சரிசெய்ய வேண்டியது அவர் மட்டும்தானா?

வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்கு வருகிற அதே பெண்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றும் கூடவே போகட்டும். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் பகுதி சபைக் கூட்டம், ஊராட்சி என்றால் கிராம சபை. எந்தக் கம்பம் எரியவில்லை, எந்த இடத்தில் வேலி போட்டால் நடைபாதை ஆகும் என்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாக "அடிப்படை வசதி வேண்டும்" என்று எழுதினால் அது பைலில் படுத்துவிடும். சி.எஸ்.ஆர். கம்பெனி வந்துவிட்டதே என்று அரசு ஒதுங்கிக்கொள்ளவும் விடாதீர்கள்.

---

நூலகவாசி எழுதியது:

மேட்டுத்தெரு சொல்வதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. பொதுசுகாதாரம் படித்தவள் என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பின்பாதியில் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டே இரண்டு குடியிருப்புகள். ஒன்று நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் ஏசியாட் காலனி, இன்னொன்று தி. நகரில் வருமானம் குறைந்தவர்கள் வாழும் பாரதி நகர். ஏசியாட் காலனியில் உடற்பயிற்சி பற்றித் தொடர்ந்து பேசப் பேச, குடியிருப்போரே பணம் திரட்டி ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். பத்து வருடம் கழித்து இரண்டு இடத்திலும் மறுபடி சர்க்கரை நோயைக் கணக்கெடுத்தபோது நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் 12.4-லிருந்து 15.4 சதவீதம், வருமானம் குறைந்த குடியிருப்பில் 6.5-லிருந்து 15.3 சதவீதம். ஓர் இடத்தில் கால் பங்கு கூடியிருக்கிறது, இன்னோர் இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். பணக்கார வியாதி என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

பூங்கா ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, சாப்பாடு, வேலை, சிகிச்சை எல்லாம் இதில் சேரும். ஆனால் ஓர் இடத்தில் ஆலோசனை கேட்டவர்களால் சொந்தப் பணத்தில் நிலத்தைப் பூங்காவாக்க முடிந்தது. அதே ஆலோசனையை மாதச் சம்பளம் பத்தாயிரம் வாங்குகிறவரிடம் சொன்னால் அவர் எந்த நிலத்தை எடுத்து என்ன கட்டுவார்? அங்கே அந்தச் செலவைப் பொதுப் பணம்தான் ஏற்க வேண்டும்.

அப்படிப் பொதுப் பணத்தில் செலவை ஏற்றுக்கொண்ட ஊரும் இருக்கிறது. பிரேசிலில் ரெசிஃபி நகரம் 2002-இல் அகாடெமியா டா சிடாடே என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளையும் சேர்த்து, பொதுச் சதுக்கங்களில் இலவச வகுப்பு. சொல்லித்தருபவர் உடற்கல்வி படித்துச் சம்பளம் வாங்கும் ஆள், ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நேரடித் தொடர்பு, டாக்டர் "நடங்கள்" என்று சொல்வதோடு நிற்காமல் இந்த வகுப்புக்குப் போங்கள் என்று அனுப்புவார். வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிற்பாடு ஆய்வு செய்தபோது வகுப்புக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. 2011-இல் பிரேசில் மத்திய அரசே இதை முன்மாதிரியாக வைத்து நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. கொலம்பியாவின் போகோட்டாவிலும் 1995 முதல் பூங்காக்களில் ரெக்ரியோவியா என்று இதே மாதிரி இலவச வகுப்புகள் நடக்கின்றன, அங்கேயும் கூட்டம் பெண்கள்தான். விசில் சொன்னதுதான் அங்கும் நடந்திருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர், நேரம் தவறாத வகுப்பு, பக்கத்திலேயே இடம்.

நம் ஊரில் நடப்போம் நலம் பெறுவோம் என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்ல விஷயம், நானும் போகிறேன். ஆனால் அதற்கு வர வேண்டுமென்றால் அதிகாலையில் கையில் நேரம் இருக்க வேண்டும், அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் பெண்களுக்கு இரண்டும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு பிசியோதெரபியும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் போய், அந்தப் பிசியோ மாதம் ஒருமுறையாவது உங்கள் கூடத்துக்கு வர முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கதவு ஏற்கெனவே இருக்கிறது, தட்டினால் போதும்.

---

எட்டுமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் நேற்று எங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் எழுந்து உட்கார்வதை அங்கேயே செய்து பார்த்தார்கள். குதிக்கும் விஷயத்தைச் சொன்னதும் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை, கூட்டம் முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்து என்னிடம் தனியாகச் சொன்னார்கள். இத்தனை நாள் இது பேச்சாகவே வந்ததில்லை.

கம்பெனிக்கு ஆள் சம்பளம், நாற்காலி, பிரஷர் மிஷின் என்று கடிதம் எழுதிவிட்டேன். சம்மதிக்காவிட்டால் கருவியை வாங்குவதில்லை என்று குழுவிலேயே முடிவு. எரியாத கம்பங்களின் நம்பரைக் குறிக்க இரண்டு பெண்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள், மேட்டுத்தெரு சொன்னபடி மனுவும் போகும். பழி அவர்கள் தலையில் விழக் கூடாது என்றீர்களே, அதை நான் மனதில் வைத்திருக்கிறேன், ஆனால் தெரு சரியாகும் வரை அவர்கள் முட்டி காத்திருக்காது, அதனால் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

பிசியோ அண்ணா அல்லது அக்கா, ஒரு சந்தேகம். மதிய வகுப்பென்றால் சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துச் செய்யலாம்? சுகர் மாத்திரை காலையும் ராத்திரியும் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம், லிப்ட் வேலை செய்யாத நாளில் ஏழு மாடி ஏறி இறங்குகிறோம், அதையே பயிற்சியாகச் சொல்லலாமா?

---

பிசியோ_கடலூர் எழுதியது:

அக்காதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் வசதியாக இருக்கும், சுகருக்கும் நல்லது. சாப்பிட்ட உடனேயே மெதுவாகப் பத்து நிமிடம் வராந்தாவில் நடப்பதென்றால் அதற்குக் காத்திருக்கவே வேண்டாம். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்களா என்று மட்டும் வகுப்பு நடத்துபவர் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும், வேலை வீட்டில் டீ குடித்துவிட்டு அப்படியே வந்துவிடுகிறவர்கள் உண்டு.

மாடிப்படி முட்டி நல்லாயிருப்பவர்களுக்கு அருமையான பயிற்சி, வகுப்பிலும் இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லலாம். முட்டிவலிக்காரர்களுக்கும் நெஞ்சுப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் வேண்டாம், இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி அதிகம். லிப்ட் ஓடாத நாளில் அவர்கள் வேறு வழியில்லாமல் ஏறுவார்கள், அப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலி இல்லாத காலை முதலில் மேலே வைத்து ஏற வேண்டும், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தண்ணீர்க் குடத்தோடு ஏற விடாதீர்கள், அதைப் பிள்ளைகள் தூக்கட்டும். லிப்ட்டையும் அந்த மனுவில் சேர்த்துவிடுங்கள்.

வகுப்பு நடத்தப் போகும் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வீடியோ காலில் நானே அவருக்குச் சொல்லித்தருகிறேன், பணம் வேண்டாம்.